பரம்புப் பலகை கட்டிய படகு

போன வாரம் கீர்த்தனாவிடமிருந்து என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. நான் ஓய்வு பெற்ற ஆலையில் இப்போது படகு ஓட்டுவது அந்தப் பெண்தான். காற்றடைத்த ஆரஞ்சு நிற ஃபெண்டர்கள் ஆறு, தரையில் வரிசையாகக் கிடந்தன. படத்துக்குக் கீழே ஒரு கேள்வி: "ஐயா, இத்த எந்த உயரத்துல கட்டணும்? இங்க ஒருத்தருக்கும் தெர்ல. நீங்க முப்பது வருசம் இதே வேலையா இருந்தீங்களாமே?" அதோடு விட்டாளா? பாதுகாப்பு வார மலருக்கு 'என் கடல் அனுபவம்' என்று ஒரு கட்டுரையும் எழுதித் தர வேண்டுமாம்.

எழுதுகிறேன். ஆனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கடல் அனுபவம் என்று எதுவும் கிடையாது. எங்கள் ஆலையின் இயந்திரங்களைக் குளிர வைக்கும் தண்ணீர், பழவேற்காட்டுப் பக்கத்து உப்பங்கழியிலிருந்து ஒரு கால்வாய் வழியாக வரும். கால்வாயின் வாயில் ஒரு வலைத் தடுப்பு. அதில் பாசியும் சொறிமீனும் வந்து அடைத்துக்கொள்ளும். துறையிலிருந்து அந்தத் தடுப்பு வரை படகில் போய், அடைப்பை எடுத்துவிட்டுத் திரும்பி வருவதுதான் என் வேலை. அரை கிலோமீட்டர் போக, அரை கிலோமீட்டர் வர. இந்தத் தூரத்திலேயே என் முப்பது வருடமும் முடிந்துவிட்டது.

படகு இருபத்திரண்டு அடி ஃபைபர். பக்கவாட்டில் 'பணிப்படகு எண் 1' என்று எழுதியிருக்கும். எண் 2 எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அந்த வேலைக்கு நான் வந்த கதையையும் சொல்ல வேண்டும். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே எங்களுக்கு இரண்டு ஏக்கர் நெல் வயல் இருந்தது. ஆலைக்காக அதை எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு ஒருவருக்கு வேலை தந்தார்கள். அதே நாளில் அதே மேசைக்கு முன்னால் என்னோடு வரிசையில் நின்றவன் தேசப்பன். உப்பங்கழிக் கரையில் மீன்பிடிக் குடும்பம். அவர்கள் வலை காயவைத்த மணல்மேடு ஆலையின் துறைக்குப் போய்விட்டது. மேசையில் இருந்தவர் எனக்கு ஓர் உத்தரவும் அவனுக்கு ஓர் உத்தரவும் கொடுத்தார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் பிரித்துப் பார்த்தோம். நீச்சல் தெரியாத எனக்குப் 'படகு இயக்குபவர்'. ஏர் பிடித்தறியாத அவனுக்குத் 'தோட்டப் பணியாளர்'.

திரும்பிப் போய்ச் சொன்னோம். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இருவரும் ராஜினாமா எழுதிக் கொடுத்தால் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றார். கையில் வந்த வேலையை எவன் விடுவான்? தேசப்பன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான். நான் பதினைந்து நாள் பயிற்சிக்குப் போய், ஒரு சான்றிதழும் ஒரு தொப்பியும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நாஷ்டா நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் நாங்கள் ஒருவருக்கொருவர் பாடம் எடுத்தோம். பிற பிரிவினர் படகில் ஏறக்கூடாது என்று துறையில் பலகை வைத்திருந்ததால், தேசப்பன் கரையில் நின்றபடி வாயாலேயே சொல்லுவான். "தொடுப்ப புட்ச்சிக்கினு தொங்காதே. படவுக்கு எங்க போணும்னு அதுக்குத் தெரியும், நீ நவுரு" என்பான். தொடுப்பு என்றால் சுக்கானின் பிடி. நான் அவனுடைய புல்வெளிக்குப் போய், எந்தச் செடிக்கு எப்போது தண்ணீர் விடக் கூடாது என்று சொல்லுவேன். அவனிடம் புல் செழித்தது. என்னிடம் படகு அவ்வளவாகச் செழிக்கவில்லை.

முதல் நாளே துறைச் சுவரில் கொண்டுபோய் மோதினேன். நோட்டுப் புத்தகத்தில் 'அலை காரணமாக உராய்வு' என்று எழுதினேன். இரண்டாம் நாளும் அலைதான். உப்பங்கழியில் அலை எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வருடம் முழுக்க என் நோட்டுப் புத்தகத்தில் பெரும் கொந்தளிப்பு.

ஃபெண்டர் மீது எனக்கு அக்கறை வந்தது இப்படித்தான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: படகுக்கும் துறைக்கும் நடுவில், இரண்டும் உரசாமல் இருக்கத் தொங்கவிடும் மெத்தைதான் ஃபெண்டர். தேசப்பனிடம் கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"செவுத்துல கொண்ணாந்து எவனா படவக் கட்டுவானா? அது இன்னா எருமையா? சொம்மா மணல்ல இஸ்து வுடு, அது பாட்டுக்குக் கெடக்கும்."

அவன் குடும்பத்து மணல்மேட்டை எடுத்துத்தான் இந்தச் சுவரையே கட்டியிருந்தார்கள். அதை அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. படகைப் பற்றி எல்லாம் தெரிந்த அவனுக்கும் இந்த ஒரு விஷயம் தெரியாது. ஆகவே இதை நானே கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கீர்த்தனா, உன் கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. படகின் நீளத்தில் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு வைத்து ஃபெண்டரின் தடிமனைப் பார். நம் படகுக்கு ஐந்து அங்குலம் போதும், ஆறு இருந்தால் நிம்மதி. படகு எந்த இடத்தில் மிக அகலமோ அங்கே ஒன்று, அதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கம்பிப் பிடியில் கட்டாதே, அது ஆடி ஆடிக் கழன்றுவிடும். தளத்தில் பதித்த கொக்கியில் கட்டு. உயரத்தை நாடா வைத்து அளக்காதே. படகில் ஏறி, துறையின் எந்த இடம் படகின் எந்த இடத்தைத் தொடுகிறது என்று குனிந்து பார். தொடும் இடத்தில் ஃபெண்டரின் வயிறு இருக்க வேண்டும். தண்ணீர் ஏறி இறங்கும் என்பதால் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பார். கிளம்பியதும் எல்லாவற்றையும் உள்ளே எடுத்துப் போட்டுவிடு. தொங்கவிட்டபடி போனால் மீன்பிடிக்கிறவர்கள் சிரிப்பார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இதையெல்லாம் நிம்மதியாகச் செய்ய விட்டிருந்தால் எழுத ஒன்றுமே இருந்திருக்காது. தணிகாசலம் சார் வந்தார்.

பள்ளிப்பட்டுக்காரர். எங்கள் பிரிவுக்கு உதவி மேலாளர். யாரையும் திட்டியதில்லை, எல்லோரையும் "நைனா" என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, மாட்டிக்கொண்டு, முதலிலிருந்து அதே கேள்வியை மறுபடி கேட்பார். சட்டைப் பையில் எப்போதும் ஓர் அளவு நாடா. தண்ணீர் என்றால் அவருக்குப் பயம். வந்த முதல் வாரமே, துறையின் ஓரத்திலிருந்து மூன்றடி தள்ளி ஒரு மஞ்சள் கோடு போடச் சொன்னார். அது தொழிலாளர் பாதுகாப்புக்கு என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவர் நிற்பதற்கான கோடு அது. நான் சொல்லப்போகும் நாள் வரை அதை அவர் தாண்டியதில்லை.

எதுவும் நேர்க்கோட்டில் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. "பெண்டர் எல்லாம் ஒரே லைன்ல இருக்கணும் நைனா. அப்பதான் பார்க்க கம்பெனி மாதிரி இருக்கும்" என்பார். படகின் விளிம்பு முன்பக்கம் மேலே வளைந்து போகும். விளிம்பிலிருந்து அளந்தால் தண்ணீரிலிருந்து கோணும். தண்ணீரிலிருந்து அளந்தால் விளிம்பிலிருந்து கோணும். இரண்டிலிருந்தும் ஒரே அளவு வர வேண்டும் என்று அவர் சொல்ல, நான் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு படகில் நிற்பேன். அரை மணி நேரம் போகும். பிறகு அவர் கண்ணாடியைத் துடைப்பார். காலை ஒன்பது மணிக்கு அவர் சொன்னபடி கட்டுவேன். அவர் போனதும் ஒன்பதரைக்கு என்படி கட்டுவேன்.

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். என் ஓய்வுக்கு ஆறேழு மாதம் பாக்கி இருக்கும்போது, படகை ஆய்வு செய்யும் சர்வேயர் வந்தார். இடப்பக்கத்தில் இரண்டு ஒட்டுப் போட்ட இடங்களைத் தட்டிப் பார்த்தார். அடுத்த ஆய்வு ஒரு மாதத்தில் என்றும், அதில் புதிதாக ஒரு விரிசல் கண்டாலும் படகைக் கழித்துக் கட்டிவிடுவேன் என்றும் எழுதிவிட்டுப் போனார். படகு இல்லை என்றால் படகு இயக்குபவன் எதற்கு? என்னை, கொதிகலன் சாம்பலை அள்ளும் சாம்பல் பிரிவுக்கு அனுப்புவார்கள் என்று அன்று மாலையே பேச்சு அடிபட்டது. எனக்கு ஏற்கெனவே மூச்சு இழுக்கும். சாம்பல் பிரிவில் ஒரு வாரம் நின்றவர்கள் இருமுவதைக் கேட்டிருக்கிறேன். வீட்டில் மனைவி சரோஜாவிடம் சொன்னேன். அவள் சோற்றைப் போட்டுவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஆறு மாசம் அந்தப் படவ ஒடைக்காம ஓட்ட முடியாதா உன்னால?"

முடியும் என்றேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

அதுவரை ஃபெண்டராகத் தொங்கிய பழைய டயர்களை நம்ப முடியாது, நல்ல ஃபெண்டர் ஆறு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். தணிகாசலம் சாரும் ஒத்துக்கொண்டார். ஆறு அங்குலத் தடிமன், இரண்டடி நீளம் என்று என் கையால் எழுதினேன். அது நான்கு மேசை தாண்டிப் போனது. ஒவ்வொரு மேசையிலும் யாரோ ஒருவர், ஒரேயடியாகத் தரமானதாக வாங்கிவிடலாம் என்று நினைத்திருக்க வேண்டும். இருபது நாள் கழித்து ஒரு லாரி வந்தது. அதில் இரண்டு ஃபெண்டர்கள். கப்பலுக்குக் கட்டுபவை. ஒவ்வொன்றும் என் மார்பளவு உயரம், பன்னிரண்டு அடி நீளம். இறக்குவதற்குக் கிரேன் வந்தது. தேசப்பன் புல்வெட்டும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தான்.

"இன்னாய்யா இது, படவ வுட பெண்டரு பெரிசா கீது? இனிமே பெண்டர ஓட்டிக்கினு போ, படவ சைடுல தொங்க வுடு."

தணிகாசலம் சார் சிரிக்கவில்லை. வாங்கிய பொருளைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் கேள்வி வரும் என்றார். பயன்படுத்திக் கீறல் விழுந்தாலும் கேள்வி வரும் என்றார். யோசித்து இரண்டு உத்தரவுகள் போட்டார். முதலாவது: படகு உரசி ஃபெண்டரில் கீறல் விழாமல் இருக்க, ஃபெண்டருக்கு வெளியே பழைய டயர்களைக் கட்ட வேண்டும். டயரின் கறுப்பு படகில் ஒட்டாமல் இருக்க, டயருக்குச் சாக்கு சுற்ற வேண்டும். ஆக, படகைக் காக்க ஃபெண்டர், ஃபெண்டரைக் காக்க டயர், டயரிடமிருந்து படகைக் காக்கச் சாக்கு. இரண்டாவது உத்தரவுதான் வினை. தண்ணீர் பட்டால் பாசி பிடிக்கும் என்பதால், ஃபெண்டரின் அடிப்பாகம் தண்ணீரில் நனையாத உயரத்தில் துறையிலிருந்து சங்கிலி போட்டுத் தொங்கவிட வேண்டும்.

"சார், அப்போ படகு அதுக்குக் கீழ பூந்துடும் சார்" என்றேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "நீ ஒயுங்கா கட்டுனா எப்படி நைனா பூரும்?"

கிரேன் வந்து இரண்டையும் தொங்கவிட்டது. ஒரே உயரம், ஒரே கோடு. சார் நாடாவை உள்ளே இழுத்துக்கொண்டபோது அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் பார்த்ததில்லை.

ஆய்வுக்கு ஐந்து நாள் இருந்தது. ஆடி மாதம். காலை பத்து மணிக்கு உப்பங்கழியில் தண்ணீர் மிகவும் இறங்கியிருந்தது. நான் வலைத் தடுப்பிலிருந்து எடுத்த பாசியைக் கொட்டிவிட்டு, கைகால் கழுவி, ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். அதற்குள் முன்கயிறு தளர்ந்து, படகு நகர்ந்து, பெரிய ஃபெண்டருக்கு அடியில் இடப்பக்கத்தை நுழைத்துக்கொண்டு நின்றது. அப்போதே இழுத்தால் வந்துவிடும் என்று நினைத்தேன். இழுத்தேன், டயரில் சுற்றிய சாக்கு கொக்கியில் மாட்டிக்கொண்டது. அதை அறுத்து எடுப்பதற்குள் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது. முகத்துவாரத்தை அந்த மாதம்தான் வெட்டி ஆழப்படுத்தியிருந்தார்கள். அதனால் தண்ணீர் வழக்கத்தைவிட வேகமாக வந்தது. படகு மேலே எழும்பி ஃபெண்டரின் அடியில் முட்டியது. ஃபெண்டர் அசையவில்லை. படகின் விளிம்பு 'கிறீச்' என்றது.

ஓடிப்போய்த் தணிகாசலம் சாரை அழைத்து வந்தேன். மஞ்சள் கோட்டில் நின்று பார்த்தார்.

"கிரேன கூப்பிடு நைனா."

"கிரேன் ஆப்பரேட்டர் பெரியபாளையம் போய்க்கிறாரு சார். ஊட்டோட வேண்டுதலாம், வேப்பிலை கட்டிக்கினு. நாளைக்குத்தான் வருவாரு."

"சங்கிலிய அறுக்கலாமா?"

"கேஸ் கட்டர் கொண்டாரணும் சார். கீழ படகுல டீசல் டாங்க் கீது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். படகு மறுபடி கிறீச்சிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாம்பல் பிரிவு, மூச்சு இழுப்பு, சரோஜாவின் முகம் எல்லாம் வரிசையாக வந்தன. அதற்கும் மேலே, முப்பது வருடம் நான் கழுவிய படகு என் கண் முன்னாலேயே நசுங்கப் போகிறதே என்றிருந்தது.

தேசப்பன் எப்போது வந்து நின்றான் என்று தெரியவில்லை. துறையின் ஓரத்தில் உட்கார்ந்து, படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு இருக்கிறது என்று கையை விட்டுப் பார்த்தான்.

"பெண்டரு மேல போவாது. அப்போ படவுதான் கீழ போணும். நாலு வெரக்கட போனா போதும், உருவிக்கினு வந்துடும்" என்றான். எழுந்து நின்று தோட்டத்தைப் பார்த்துக் கத்தினான். "எல்லாம் வாங்கய்யா! கத்தரிய போட்டுட்டு வாங்க! படவுல ஏறணும்!"

தோட்டப் பிரிவில் அன்று பதிமூன்று பேர். எல்லோரும் ஓடி வந்தார்கள். தணிகாசலம் சார் கையை உயர்த்தினார். படகில் 'அதிகபட்சம் ஆறு பேர்' என்று எழுதியிருக்கிறது என்றார். உயிர்காப்புச் சட்டையும் ஆறுதான் இருக்கிறது என்றார். பிற பிரிவினர் ஏறக்கூடாது என்ற பலகையையும் காட்டினார். எல்லாம் உண்மைதான். படகு மூன்றாவது முறை கிறீச்சிட்டது.

"அப்போ பர்மிட்டு எய்திக் குடு சார்" என்றான் தேசப்பன்.

சார் எழுதிக் கொடுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், கையிலிருந்த கோப்பின் பின்னட்டையில், 'படகைத் தாழ்த்தும் பொருட்டு தோட்டப் பிரிவினர் ஏற அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மணியைக் குறித்தார். தண்ணீர் அதற்குள் இன்னும் ஒரு விரற்கடை ஏறியிருந்தது.

நான் முதலில் படகில் இறங்கிக் கை கொடுக்க, பதிமூன்று பேரும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். தேசப்பன் கடைசியாக இறங்கினான். அந்தப் படகில் அவன் கால் வைத்தது அன்றுதான் முதல் முறை. "எல்லாம் இந்தாண்ட உக்காருங்க, பெண்டரு பக்கம். எவனும் எய்ந்திரிக்கக் கூடாது" என்றான். படகு இறங்கியது. விளிம்புக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் ஒரு காகிதம் நுழையும் அளவு இடம் வந்தது. சாக்கு இன்னும் உரசியது. வரவில்லை.

"இன்னும் ஒரு ஆளு வேணும்" என்றான் தேசப்பன்.

துறையில் மீதமிருந்தவர் ஒரே ஒருவர்தான். எல்லோரும் அவரைப் பார்த்தோம். தணிகாசலம் சார் நல்ல பருமன். அவர் மஞ்சள் கோட்டைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"விரிசல் விட்டா உன்ன சாம்பலுக்கு அனுப்ச்சிடுவாங்களா நைனா?"

"ஆமா சார்."

அவர் செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஒரே நேராக மஞ்சள் கோட்டின் மீது வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். நானும் தேசப்பனும் ஆளுக்கொரு கையைப் பிடிக்க, கோட்டைத் தாண்டி வந்து படகில் இறங்கினார். படகு ஒரு முறை பெருமூச்சு விட்டதுபோல் தாழ்ந்தது. "தள்ளு!" என்று தேசப்பன் கத்த, பதினைந்து பேரும் ஃபெண்டரைக் கையால் தள்ள, படகு உருவிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஒரு விரிசல் இல்லை. நான் அழுதேன். தோட்டக்காரர்கள் விசில் அடித்தார்கள். தணிகாசலம் சார் கண்ணைத் திறக்காமல், சட்டைப் பையிலிருந்த நாடாவை இறுகப் பிடித்துக்கொண்டு, "கரை வந்துட்ச்சா?" என்று கேட்டபடி இருந்தார்.

மறுநாள் கிரேன் ஆப்பரேட்டர் வந்து பெரிய ஃபெண்டர்கள் இரண்டையும் கழற்றினார். அவற்றை ஆலையின் நுழைவாயிலில் இரு பக்கமும் வைத்து, சுற்றி அரளி நட்டு, 'நிறுவல்' என்று சார் கோப்பில் எழுதினார். இன்றைக்கும் பார்வையாளர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆய்வுக்கு மூன்று நாள். டயருக்குத் திரும்ப எனக்கு மனமில்லை. எங்கள் துறை முழுக்கச் சுவர் அல்ல. படகு கட்டும் இடத்தில் கான்கிரீட் தூண்கள் வரிசையாக நிற்கும். படகில் தொங்கும் ஃபெண்டர், படகு முன்னும் பின்னும் ஆடும்போது தூணை விட்டு நழுவிவிடும்; பிறகு தூண் நேராகப் படகைத் தேய்க்கும். இதற்கு என்ன செய்வது என்று முப்பது வருடமாக யோசித்திருக்கிறேன். அன்று வீட்டில் மாட்டுக்கொட்டகைப் பரணில், பரம்புப் பலகை கண்ணில் பட்டது. நாற்று நடுவதற்கு முன் சேற்றைச் சமன் செய்ய மாடு பூட்டி இழுப்போமே, அந்தப் பலகை. வயல் போன பிறகும் அப்பா அதை விற்க விடவில்லை. எட்டடி நீளம், இழுத்து இழுத்து விளிம்பெல்லாம் வழவழப்பாகி இருந்தது.

வைக்கோலைப் பிரியாக முறுக்கி, அதை இறுக்கிச் சுருட்டி, ஆறு அங்குலத் தடிமனில் இரண்டு உருளைகள் செய்தேன். தேசப்பன் வீட்டிலிருந்து பழைய வலை கொண்டுவந்து மேலே இழுத்துக் கட்டினான்; முடிச்சு எல்லாம் அவனுடையது. இரண்டு உருளைகளையும் படகின் பக்கத்தில் தொங்கவிட்டு, அவற்றுக்கு வெளியே பரம்புப் பலகையைக் கிடையாகக் கட்டினோம். இப்போது படகு எப்படி ஆடினாலும் தூண் பலகையில்தான் தேயும். பலகை வைக்கோலில் அமுங்கும். படகுக்கு ஒன்றும் ஆகாது. தணிகாசலம் சார் நாடாவோடு வந்தார். பலகையின் இரு முனைகளையும் அளக்கச் சொன்னார். இரண்டும் ஒன்று.

"இத்தனை வருசமா இத்த எங்க நைனா வெச்சிருந்தே?" என்றார்.

சர்வேயர் வந்தார். படகு தேறியது. அவர் அதோடு போயிருக்கலாம். பலகையைப் படம் எடுத்து, இப்படி ஓர் எளிய யோசனையைத் தாம் பார்த்ததில்லை என்று பாராட்டியும் எழுதிவிட்டார். தலைமை அலுவலகம் எனக்குச் 'சிறந்த யோசனை' விருது தர முடிவு செய்தது. விருதுக் குறிப்பு எழுத என் பணிக் கோப்பை எடுத்தார்கள். யாரோ ஒரு கெட்டிக்காரர் அதை முழுக்கப் படித்திருக்கிறார். விவசாயக் குடும்பம் என்று இருக்கிறதே, இவர் ஏன் படகில் என்று கேட்டு, தேசப்பனின் கோப்பையும் எடுத்திருக்கிறார்.

விருதும் உத்தரவும் ஒரே உறையில் வந்தன. 'நியமனத்தில் நேர்ந்த தவறு இப்போதுதான் கவனத்துக்கு வந்தது. உடனடியாகத் திருத்தப்படுகிறது.' நாளை முதல் நான் தோட்டத்துக்கு, தேசப்பன் படகுக்கு. இருவருக்கும் ஓய்வுக்கு ஐந்து மாதம் இருந்தது.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சாரிடம் போனேன்.

"முப்பது வருசம் ஆயிடுச்சே சார்."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். இந்த முறை கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. "ஃபைல்ல லைன் கோணலா கீதுன்றாங்க நைனா. நான் இன்னா பண்ணட்டும்?" என்றார். அவர் வாயாலேயே இதைக் கேட்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை, துறைக்கு எதிரே இருந்த புல்வெளியில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தேசப்பன் என் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனான். அவனுக்கு அது பெரிதாக இருந்தது. தளத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினான். படகு வலைத் தடுப்புக்குப் போய்த் திரும்பியது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழாயைப் போட்டுவிட்டுத் துறைக்கு ஓடினேன்.

"மெதுவா வா! பின்னால பெண்டரு கெடையாது! பலகைய மட்டும் நம்பாதே!"

அவன் காதில் விழுந்ததா தெரியவில்லை. வெகு தூரத்திலேயே இயந்திரத்தை நிறுத்திவிட்டான். நான் அந்த இடத்தில் நிறுத்தியதே இல்லை. படகு சத்தமில்லாமல் தானாக வந்தது. துறைக்கு அருகில் வந்ததும் தொடுப்பை ஒரு முறை லேசாகத் தட்டினான், அவ்வளவுதான். படகு திரும்பி, துறையோடு இணையாக வந்து நின்றது. பரம்புப் பலகைக்கும் தூணுக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி. ஒரு வைக்கோல்கூட அமுங்கவில்லை.

கயிற்றை வாங்கிக் கட்டினேன். தலை நிமிரவில்லை. முப்பது வருட நோட்டுப் புத்தகத்தில் நான் எழுதிய அலை ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. உப்பங்கழியில் அலையே இருந்ததில்லை. நான்தான் இருந்தேன். எனக்காகத்தான் அத்தனை ஃபெண்டரும் வேண்டியிருந்தது.

தேசப்பன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு அந்த நான்கு விரல் இடைவெளியைப் பார்த்தான். கையை நீட்டித் தூணைப் பிடித்து, படகை அதன் பக்கம் இழுத்து, பலகை தூணில் மோதும்படி அழுத்தினான். வைக்கோல் நறநறவென்று அமுங்கியது.

"அப்பாடா, நல்ல வேள பெண்டரு கட்டி வெச்ச," என்றான். "இல்லாங்காட்டி இன்னிக்கு படவு போயிருக்கும்."